புதிய டொமைன் நீட்சிகளுக்குச் சமூக ஆட்சேபம்: அமைப்புகள் முன்கூட்டியே வகுக்க வேண்டிய விதிகள்

2012 சுற்றில், இணைய முகவரியின் கடைசிப் பகுதியான புதிய டொமைன் நீட்சிகளுக்காக (டாட் காம் போல), இணையப் பெயர்களை ஒருங்கிணைக்கும் ஐகான் அமைப்பிடம் 1930 விண்ணப்பங்கள் வந்தன. ஜூன் 13 அன்று பட்டியல் வெளியானது. ஒரு சமூகத்தின் பெயரால் ஒரு விண்ணப்பத்தை எதிர்க்கும் சமூக ஆட்சேபத்துக்கான கெடு 2013 மார்ச் 13 அன்று முடிந்தது. ஒன்பது மாதம் தாராளம் என்று தோன்றும். ஆனால் உறுப்புச் சங்கங்களிடம் கருத்துக் கேட்டு, கடிதம் திரட்டி, பணம் ஒதுக்கிச் செயற்குழு ஒப்புதலும் பெறுவதற்குள் அது கரைந்துவிடும். ஆகவே எப்போது, எப்படி ஆட்சேபிப்பது என்ற கொள்கையைப் பட்டியல் வருமுன்பே எழுதி முடித்துவிடுங்கள். கீழே வரும் எண்கள் 2012 சுற்றின் விதிகளில் உள்ளவை. அடுத்த சுற்றுக்கு அதற்குரிய விண்ணப்ப வழிகாட்டியைப் பார்த்து மாற்றிக்கொள்ள வேண்டும்.

முதல் பிரிவு: நமக்குத் தகுதி உண்டா?

தெளிவாக வரையறுக்கத்தக்க ஒரு சமூகத்தோடு தொடர்ந்த உறவுள்ள, நிலைபெற்ற அமைப்புக்கே சமூக ஆட்சேபம் எழுப்பும் தகுதி உண்டு. பதிவுச் சான்று, அமைப்பு விதிகள், ஆண்டறிக்கைகள், அரசோ பன்னாட்டு அமைப்போ தந்த அங்கீகாரம் ஆகியவற்றை ஒரே கோப்பில் வைத்திருங்கள். டொமைன் விண்ணப்பத்தை எதிர்ப்பதற்கென்றே புதிதாகத் தொடங்கிய கூட்டமைப்பு இந்த வாசலிலேயே நின்றுவிடும்.

இரண்டாம் பிரிவு: நான்கு சோதனைகள்

சமூகம் வரையறைக்கு உட்பட்டது, எதிர்ப்பு கணிசமானது, கேட்கப்படும் சொல்லுக்கும் அந்தச் சமூகத்துக்கும் வலுவான தொடர்பு உண்டு, சமூகத்தின் பெரும்பகுதியின் உரிமைகளுக்கோ நியாயமான நலன்களுக்கோ உண்மையான தீங்கு நேர வாய்ப்புண்டு. இந்த நான்கையும் நிறுவ வேண்டும். மூன்றில் வென்று ஒன்றில் தவறினாலும் ஆட்சேபம் தள்ளுபடிதான். உங்கள் முதற்கட்டப் பரிசீலனைப் படிவம் இந்த நான்கு கேள்விகளாகவே இருக்கட்டும். எதற்காவது ஆவணம் இல்லையென்றால் அடுத்த கட்டத்துக்கு அனுப்பக்கூடாது.

 இரண்டாவதிலும் நான்காவதிலும் தவறி வழக்குகள் சரிந்ததுண்டு. டாட் இஸ்லாம், டாட் ஹலால் விண்ணப்பங்களுக்கு எதிராக ஐக்கிய அரபு அமீரகத்தின் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் தொடுத்த ஆட்சேபங்களை 2013-ல் தீர்ப்பளிக்க நியமிக்கப்பட்ட நிபுணர் நிராகரித்தார். கணிசமான எதிர்ப்பும் தீங்குக்கான வாய்ப்பும் நிறுவப்படவில்லை என்பதே காரணம். பெயரெடுத்த அமைப்பு எதிர்த்தால் போதும் என்று நம்புகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

எதிர்ப்பைத் தலைக்கணக்காக மட்டும் எடைபோடமாட்டார்கள். சமூகத்தின் அளவோடு ஒப்பிட்டால் எத்தனை குரல்கள், அவை எந்தெந்தப் பகுதிகளிலிருந்தும் துணைப்பிரிவுகளிலிருந்தும் வருகின்றன, பேசுவோருக்கு எவ்வளவு மதிப்பு என்று பார்ப்பார்கள். ஒரே வாசகத்தை நகலெடுத்த நூறு கடிதங்களை விட, வெவ்வேறு பகுதிகளின் அமைப்புகள் தத்தம் காரணங்களைச் சொல்லி எழுதிய பத்துக் கடிதங்கள் பயன் தரும் என்பது எங்கள் உறுதியான கருத்து.

தீங்கைப் பொறுத்தவரை, "அந்தச் சொல் அவருக்குப் போகிறது, நமக்குக் கிடைக்கவில்லை" என்பது மட்டும் தீங்காகாது என்று வழிகாட்டியே வெளிப்படையாகச் சொல்கிறது. நற்பெயருக்கு என்ன சேதம், அன்றாடப் பணிக்கு என்ன இடையூறு, பொருளிழப்பு எவ்வளவு, அது நடக்கும் என்பதற்கு எவ்வளவு உறுதி என்று தனித்தனியாக எழுதுங்கள். விண்ணப்பத்தில் பதிவு நிபந்தனைகள் பற்றிய பகுதியை வரிவரியாகப் படித்து, சமூகத்துக்குப் பாதுகாப்பு எங்கே விடுபட்டிருக்கிறது என்று சுட்டினால் வாதம் நிற்கும்.

முடிவெடுக்கும் முறை

பட்டியலை அலச மூன்று பேர் போதும். விண்ணப்பதாரரோடு வணிகத் தொடர்பு உள்ளவர் அதை எழுத்தில் அறிவித்து விலக வேண்டும். ஆட்சேபத்தைத் தாக்கல் செய்யச் செயற்குழுவில் எத்தனை வாக்கு தேவை, திரும்பப் பெறும் அதிகாரம் யாருக்கு, சமரசம் பேசப் போகிறவர் எதுவரை விட்டுக்கொடுக்கலாம் என்பனவும் கொள்கையில் இருக்கட்டும். உள் கெடுவை அதிகாரபூர்வக் கெடுவுக்கு ஆறு வாரம் முன்பாக வையுங்கள்.

பணமும் தாள்களும்

சமூக ஆட்சேபங்களைப் பன்னாட்டு வணிகச் சங்கத்தின் நிபுணத்துவ மையம் கையாண்டது. தாக்கல் கட்டணம் 5,000 யூரோ, அது திரும்பாது. நிபுணர் செலவுக்கான முழு முன்பணத்தை இரு தரப்பும் தனித்தனியே, கேட்ட 10 நாளுக்குள் கட்ட வேண்டும். வென்றவருக்கு அவர் கட்டிய முன்பணம் திரும்பும். ஆட்சேபித்தவர் கட்டத் தவறினால் வழக்கு அங்கேயே முடியும். ஒரே சொல்லுக்கு நான்கு பேர் விண்ணப்பித்திருந்தால் நான்கு ஆட்சேபங்கள், நான்கு கட்டணங்கள். எனவே எத்தனை வழக்குக்குக் கையில் பணம் உண்டு என்ற உச்சவரம்பையும் எழுதி வையுங்கள்.

ஆட்சேப மனு 5,000 சொல் அல்லது 20 பக்கம், இதில் எது குறைவோ அதற்குள் அடங்க வேண்டும். இணைப்புகள் இதில் சேராது. எல்லாம் ஆங்கிலத்தில்தான். தமிழ்க் கடிதத்தைச் சான்றாக வைக்கலாம், ஆனால் சான்றளிக்கப்பட்ட ஆங்கில மொழிபெயர்ப்பும் கூடவே வேண்டும். கடைசி வாரத்தில் மொழிபெயர்ப்பாளரைத் தேடி அலைவது வீண் இழுபறி. பதில் தர விண்ணப்பதாரருக்கு 30 நாள் உண்டு. அவர் பதிலே தராவிட்டால் ஆட்சேபம் வென்றதாகக் கொள்ளப்படும். வென்றாலும் இழப்பீடு எதுவும் கிடையாது. அந்த விண்ணப்பம் தடைபடும், அவ்வளவே.

மாற்று வழிகள்

பொதுக் கருத்துக் காலத்தில் கருத்து அனுப்பச் செலவில்லை. உங்கள் அரசின் பிரதிநிதி வழியாக ஐகானின் அரசு ஆலோசனைக் குழுவில் கவலையை எழுப்பவும் முடியும். ஆட்சேபம் தோற்ற பின்னும் அரசுகளும் அமைப்புகளும் டாட் இஸ்லாம், டாட் ஹலால் பற்றித் தங்கள் எதிர்ப்பைத் தொடர்ந்து தெரிவித்தன. 2018 அக்டோபரில் ஐகான் வாரியம் அவ்விரு விண்ணப்பங்களையும் முன்னெடுப்பதில்லை என்று முடிவு செய்தது. பரிசீலனைப் படிவத்தின் கடைசிக் கட்டத்தில் இந்த வழிகளுக்கும் இடம் விடுங்கள். நான்கு சோதனைகளில் தேறாத கவலைகளில் பலவற்றை அங்கே கொண்டுபோகலாம்.