துப்பாக்கிக் குற்றங்களைத் துப்புத்துலக்க நிதி: விண்ணப்பிக்கும் முன் கவனிக்க வேண்டியவை

அமெரிக்காவில் துப்பாக்கிச் சூட்டு வழக்குகளில் துப்புத்துலக்க நிதி தேடும் நகரக் காவல்துறை, கூட்டாட்சி நீதித்துறையின் கீழுள்ள நீதி உதவிப் பணியகம் நடத்தும் குற்றத் துப்பாக்கிப் புலனாய்வு மையத் திட்டத்தை முதலில் பார்க்கலாம். விண்ணப்பம் எழுதத் தொடங்கும் முன்பே, கூட்டாட்சி நிதி பெறுவோர் பதிவு செய்யும் சாம் (SAM.gov) தளத்தில் நிறுவனப் பதிவு நடப்பில் உள்ளதா என்று சரிபாருங்கள். ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டிய அந்தப் பதிவு காலாவதியாகியிருந்தால், மற்ற உழைப்பெல்லாம் வீணாகிவிடும்.

விண்ணப்பத்தின் உயிர், தோட்டா உறைகளை நீங்கள் எப்படிக் கையாளப் போகிறீர்கள் என்பதில்தான் இருக்கிறது. சுடும்போது துப்பாக்கியின் ஊசி உறையின் அடிப்புறத்தில் நுண்ணிய தடம் பதிக்கிறது. அதைப் படமெடுத்து, துப்பாக்கிகள் தொடர்பான சட்டங்களை அமல்படுத்தும் கூட்டாட்சி அமைப்பான ஏடிஎஃப் (ATF) நடத்தும் நிபின் (NIBIN) என்ற தோட்டா உறைப் பட ஒப்பீட்டு வலையமைப்பில் ஏற்றினால், வேறொரு தெருவில் நடந்த சூட்டிலும் அதே ஆயுதம் பயன்பட்டதா என்ற தடயம் கிடைக்கலாம். ஆகவே, எவரும் காயமடையாத சூட்டில் கிடைத்த உறையைக்கூட விடாமல் சேகரித்து, 24 முதல் 48 மணி நேரத்துக்குள் பதிவேற்றும் நடைமுறையை விளக்குங்கள். படமெடுக்கும் கருவியைக் காட்டிலும் ஆளே முக்கியம் என்பது என் கருத்து. தடயத்தைத் தொடர்ந்து செல்லும் புலனாய்வாளருக்கும் பகுப்பாய்வாளருக்கும் ஊதியம் கேளுங்கள். நிபின் தருவது துப்பு மட்டுமே என்பதால், நீதிமன்றத்துக்குத் தேவையான நுண்ணோக்கி ஒப்பீட்டைச் செய்யும் ஆய்வகத்தையும் அரசு வழக்கறிஞரையும் தொடக்கத்திலேயே பங்காளிகளாகச் சேர்த்து, அவர்களின் கையொப்பமிட்ட ஒப்புதல் கடிதங்களை இணையுங்கள்.

அனுப்புவது இரண்டு கட்டம்: முதலில் கூட்டாட்சி அரசின் பொது நிதி விண்ணப்பத் தளமான கிராண்ட்ஸ் டாட் கவ் (Grants.gov), பிறகு நீதித்துறையின் சொந்த நிதித் தளமான ஜஸ்ட்கிராண்ட்ஸ் (JustGrants). இரண்டுக்கும் கெடு வெவ்வேறு.