ஈரமும் ஓய்வும்: பழைய இராணுவ ஜெனரேட்டரை மீண்டும் வேலைக்குக் கொண்டுவருதல்

2007ஆம் ஆண்டில் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறிய பத்தாங் பெர்ஜுந்தையைச் சுற்றியுள்ள தோட்டப்புறங்களில், இடியோடு மழை இறங்கினால் மின்சாரம் போவது எல்லாருக்கும் பழகிய ஒன்று. 2021 டிசம்பரில் மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தை வெள்ளம் சூழ்ந்தபோதுதான், கோயில் மண்டபத்திலும் சமூகக் கூடத்திலும் தங்கவைக்கப்படும் மக்களுக்கு விளக்கும் குளிர்பெட்டியும் தண்ணீர் மோட்டாரும் எவ்வளவு அவசியம் என்பதை நம்மில் பலர் நேரில் கண்டோம். புதிய டீசல் ஜெனரேட்டரின் விலை ஒரு சிறிய கோயில் நிர்வாகத்துக்கு எட்டாதபோது, பழைய இரும்புக் கடையிலோ ஏலத்திலோ கிடைக்கும் இராணுவ உபரி இயந்திரத்தின் மேல் கண் போவது இயல்பே. இத்தகைய இயந்திரங்கள் முரட்டு வேலைக்கென்று கட்டப்பட்டவை. அவற்றைக் கெடுப்பது பெரும்பாலும் உழைப்பு அன்று, பல ஆண்டு ஓய்வும் அந்த ஓய்வில் உள்ளே இறங்கிய ஈரமுமே. செம்பனை ஆலையில் இயந்திரப் பராமரிப்பு வேலை பார்த்த எனக்கு அங்கே திரும்பத் திரும்பக் கிடைத்த பாடமும் இதுதான். ஆகவே கீழே சொல்லும் வேலைகளில் பெரும்பகுதி, இயந்திரத்தை முடுக்குவதற்கு முன்னால் செய்ய வேண்டியவை.

வாங்குவதற்கு முன் உடற்கட்டில் அறைந்திருக்கும் தகட்டைத் துடைத்துப் படியுங்கள். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ்; ஒருமுனை இணைப்புக்கு 230 வோல்ட், மும்முனைக்கு 400 வோல்ட் என்பது இன்றைய அளவு. தகட்டில் 400 ஹெர்ட்ஸ் என்று இருந்தால் அது விமானங்களுக்கும் ராடார் கருவிகளுக்கும் செய்யப்பட்டது. எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வீட்டுக்கு உதவாது. அமெரிக்க இராணுவத்திலிருந்து வந்த பல இயந்திரங்கள் நிமிடத்துக்கு 1800 சுற்றில் 60 ஹெர்ட்ஸ் தருபவை. மின்சாரத்தை உண்டாக்கும் பகுதியான நான்கு துருவ ஆல்டர்னேட்டரை 1500 சுற்றுக்கு இறக்கினால் 50 ஹெர்ட்ஸ் கிடைக்கும் என்பது உண்மைதான். ஆனால் வேகம் குறையும் அதே விகிதத்தில் வோல்டேஜும் குறைய வேண்டும். 60 ஹெர்ட்ஸில் 240 வோல்ட் தந்த சுருள், 50 ஹெர்ட்ஸில் 200 வோல்ட் தருவதே முறை. வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரைத் திருகி அதை 230 வோல்ட்டுக்கு ஏற்றினால் உள்ளிருக்கும் இரும்பு காந்தத்தால் நிரம்பிச் சூடேறும், சுருளும் வெந்துபோகும். 50 ஹெர்ட்ஸுக்கும் பொருந்தும் என்று தகட்டிலேயே எழுதியிருந்தாலன்றி அதை வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து. பிரிட்டிஷ் வழி வந்த லிஸ்டர், பெட்டர் நிறுவனங்களின் இன்ஜின் பூட்டிய இயந்திரங்கள் 1500 சுற்றில் ஓடுபவையாக இருந்தால் நமக்கு அவையே ஏற்றவை.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் பேட்டரியை மாட்டி முடுக்கிப் பார்க்க எல்லாருக்கும் கை துடிக்கும். அந்த ஆசையை ஒரு வாரம் ஒத்திவையுங்கள். முதலில் இன்ஜின் எண்ணெயை முழுவதும் வடித்து ஒரு வெள்ளைத் தட்டில் ஊற்றிப் பாருங்கள். பால் கலந்த தேநீர் போல இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது, டீசல் வாடை அடித்தால் பம்ப்பிலோ, சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரிலோ கசிவு இருக்கிறது. இன்ஜெக்டரைக் கழற்றி, அந்தத் துளை வழியாகச் சிலிண்டருக்குள் டீசலும் மெல்லிய எண்ணெயும் கலந்து சில கரண்டி விட்டு, இரண்டு மூன்று நாள் ஊறவிடுங்கள். அதன் பிறகு கையால் சுற்றுங்கள். சுற்ற மறுத்தால் நீண்ட கம்பியைக் கொடுத்து நெம்பாமல், முன்னும் பின்னுமாகச் சிறிது சிறிதாக அசைத்து மீண்டும் ஊறவிட வேண்டும். காற்றால் குளிரும் இன்ஜினாக இருந்தால் உறைத் தகடுகளைக் கழற்றிச் சிலிண்டரின் செதில்களுக்கு இடையே பாருங்கள். குளவி கட்டிய மண்கூடு அங்கே கல்லாக இறுகியிருக்கும். செம்பனைக் காட்டை ஒட்டிய இடங்களில் எலிக்குப் பஞ்சமில்லை என்பதால் ஒயர் கட்டுகளை முழு நீளத்துக்கும் விரலால் தடவிப் பார்த்து, கடிபட்ட துண்டை ஒட்டுப்போடாமல் முழுவதுமாக மாற்றிவிடுங்கள்.

இங்கே இரண்டு எச்சரிக்கைகளைச் சொல்லியே ஆக வேண்டும். பழைய புகைக்குழாயைச் சுற்றியிருக்கும் வெள்ளை அல்லது சாம்பல் நிறத் துணிக்கட்டு கல்நாராக (அஸ்பெஸ்டாஸ்) இருக்கலாம். அதை உலர்ந்த நிலையில் சுரண்டினால் பறக்கும் தூசி நுரையீரலில் தங்கிப் பல ஆண்டுகள் கழித்து நோயாக வெளிப்படும். எனவே அதைத் தொடாமல், இவ்வகைக் கழிவை அகற்றத் தெரிந்தவரிடம் ஒப்படையுங்கள். அதுபோலவே, மிகப் பழைய இராணுவ அளவுமானிகளின் முள்ளிலும் எண்களிலும் இருட்டில் ஒளிர்வதற்காக ரேடியம் கலந்த சாயம் பூசப்பட்டிருக்கலாம். ஒளிர்வது நின்றுபோயிருந்தாலும் கதிர்வீச்சு நிற்காது. கண்ணாடியைத் திறக்கவோ முகப்பைத் துடைக்கவோ வேண்டாம்.

அடுத்து டீசல். நம் பெட்ரோல் நிலையங்களில் விற்கும் டீசலில் செம்பனை எண்ணெயிலிருந்து செய்த பயோடீசல் கலந்திருக்கிறது. 2019இல் போக்குவரத்து டீசலில் அதன் பங்கு 10 விழுக்காடாக உயர்த்தப்பட்டது. நம்மைச் சுற்றி நிற்கும் மரத்தின் எண்ணெயே நம் இயந்திரத்துக்கும் போகிறது என்பதில் எனக்கு மகிழ்ச்சி உண்டு. ஆனால் அந்த இயந்திரம் செய்யப்பட்ட காலத்தில் இப்படிப்பட்ட எரிபொருள் இல்லை. பயோடீசல் பழைய இரப்பர் குழாய்களையும் வாஷர்களையும் மென்மையாக்கி வீங்கச் செய்யும். காற்றிலுள்ள ஈரத்தைச் சாதாரண டீசலைவிட அதிகமாக இழுக்கும். அந்த ஈரம் அடியில் நீராகத் தங்க, டீசலும் நீரும் சந்திக்கும் இடத்தில் நுண்ணுயிர் வளர்ந்து கறுப்புச் சளி போலப் படியும். ஆகவே டாங்கைக் கழற்றி உள்ளே முழுவதும் கழுவி உலர்த்துங்கள். எல்லா இரப்பர் குழாய்களையும் பயோடீசலுக்குத் தாங்கும் வகையாக மாற்றுங்கள். குழாய்வழியில் நீர் பிரிக்கும் கிண்ணத்தோடு கூடிய வடிகட்டி ஒன்றைச் சேருங்கள். என்னதான் கழுவினாலும், பழைய குழாய்களில் ஒட்டியிருக்கும் கசடைப் பயோடீசல் கரைத்துக் கொண்டுவரும் என்பதால், முதல் பத்து மணி நேர ஓட்டத்துக்குள்ளேயே வடிகட்டியை மாற்ற வேண்டியிருக்கும். கையில் இரண்டு உபரி வடிகட்டி இருக்கட்டும். தோம்பிலும் கலனிலும் டீசல் வாங்குவதற்கு நம் நாட்டில் கட்டுப்பாடு உண்டு. உள்நாட்டு வாணிப அமைச்சின் அலுவலகத்தில் முறையைக் கேட்டு அனுமதி பெற்றுக்கொண்டால், வெள்ள நேரத்தில் நிலையத்துக்கு முன்னால் நின்று கெஞ்ச நேராது. வாங்கிய டீசலை ஆறு மாதத்துக்கு மேல் வைத்திருக்காமல் ஓட்டித் தீர்த்துப் புதிதாக நிரப்புங்கள்; டாங்க் நிறைந்திருந்தால் உள்ளே வியர்த்து நீர் சேர இடம் குறைவு.

இனி ஆல்டர்னேட்டர். நம்மவர்கள் இன்ஜினுக்குக் காட்டும் அக்கறையில் பாதியைக்கூட இதற்குக் காட்டுவதில்லை. சுருளுக்கும் இரும்பு உடற்கட்டுக்கும் இடையே உள்ள மின்காப்பு எவ்வளவு உறுதியாக இருக்கிறது என்பதை, காப்புத் தடையை அளக்கும் கருவியான 500 வோல்ட் மெக்கரால் அளக்க வேண்டும். மெக்கர் இல்லாதவர்கள் வயர்மேனை அழைத்து அளக்கச் சொல்லலாம். அளப்பதற்கு முன் வோல்டேஜ் ரெகுலேட்டரையும் டயோடுகளையும் தவறாமல் கழற்றிவிடுங்கள், இல்லையென்றால் மெக்கரின் 500 வோல்ட்டே அவற்றைக் கொன்றுவிடும். அளவு 1 மெகாஓமுக்குக் கீழே இருந்தால் இயந்திரத்தை ஓட்டவே கூடாது. 5 மெகாஓமுக்கு மேல் இருந்தால் நிம்மதி. பல ஆண்டுகள் திறந்த கொட்டகையில் கிடந்த இயந்திரம் முதல் அளவில் தோற்றுப்போவது வழக்கம், அதற்காகச் சுருளை மாற்ற ஓட வேண்டாம். கோழிக்குஞ்சுகளுக்கு வெப்பமூட்டும் குண்டு பல்புகள் இரண்டை ஆல்டர்னேட்டரின் அடியிலும் பக்கத்திலும் எரியவிட்டு, மேலே ஒரு துணிக்கூரை போட்டு, ஈரக்காற்று வெளியேற உச்சியில் வழி விட்டு, நாள் கணக்கில் மெதுவாக உலர்த்துங்கள். பல்பு துணியையோ சுருளையோ தொடக்கூடாது. ஆள் இல்லாத நேரத்தில் அணைத்துவிட வேண்டும். உடற்கட்டில் கை வைத்தால் சூடாக, ஆனால் சற்று நேரம் தாங்கக்கூடியதாக இருப்பது போதும். காலையும் மாலையும் அளந்து எழுதுங்கள். முதல் நாளில் அளவு ஏறாமல் இறங்கும். அதைக் கண்டு பயந்து பாதியில் நிறுத்தியவர்கள் உண்டு. சூடேறும்போது காப்பின் தடை குறைவதும், ஈரம் சுருளுக்குள்ளிருந்து புறப்பட்டு வெளியே வருவதும் அதற்குக் காரணம். தொடர்ந்தால் அளவு மெல்ல ஏறி, பிறகு ஓரிடத்தில் நிலைத்து நிற்கும். நிலைத்த பிறகு ஆறவைத்து மீண்டும் அளந்து, அதையே முடிவாகக் கொள்ளுங்கள்.

கார்பன் பிரஷ் உள்ள வகையாக இருந்தால் ஸ்லிப் ரிங்குகளை மெல்லிய கண்ணாடித்தாளால் துலக்குங்கள். எமரித்தாளின் துகள் பதிந்து வளையத்தை அரிக்கும் என்பதால் அதைத் தவிர்க்க வேண்டும்.

முதல் ஓட்டத்துக்குத் துணைக்கு ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். புதிய எண்ணெய், நம் வெயிலுக்குப் பெரும்பாலான பழைய இன்ஜின்களில் எஸ்.ஏ.இ. 30, ஊற்றியபின், டீசல் குழாயில் அடைந்துள்ள காற்றை வடிகட்டியிலிருந்து தொடங்கி பம்ப், பிறகு இன்ஜெக்டர் என்ற வரிசையில் வெளியேற்ற வேண்டும். இன்ஜெக்டரிலிருந்து பீறிடும் டீசலுக்கு முன்னால் விரலைக் காட்டாதீர்கள். அந்த அழுத்தத்தில் அது தோலைத் துளைத்து உள்ளே போகும், காயம் குண்டூசி முனை அளவே தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். காற்றிழுக்கும் வாயை மூடும் அளவுக்கு ஒரு தடித்த பலகையைத் துணையாளர் கையில் கொடுங்கள். பழைய டீசல் இன்ஜின் சில வேளைகளில் கட்டுக்கடங்காமல் வேகமெடுக்கும், அப்போது டீசலை அடைத்தும் நிற்காவிட்டால் காற்றை அடைத்தால்தான் நிற்கும். ஓடத் தொடங்கியதும் எண்ணெய் அழுத்தத்தைப் பாருங்கள், சில நொடிகளில் முள் எழாவிட்டால் நிறுத்துங்கள். சுமையில்லாமல் பதினைந்து நிமிடம் ஓடியபின் அளவுகளைக் குறியுங்கள்: சுமையின்றி 52 ஹெர்ட்ஸ் அளவில் இருந்தால், முழுச் சுமையில், வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் அதை 50க்கு இறக்கும். வோல்டேஜ் 216க்கும் 253க்கும் இடையே நிற்க வேண்டும். இன்ஜின் நன்றாக ஓடியும் வோல்டேஜே வரவில்லை என்றால், நெடுங்கால ஓய்வில் உள்ளிருந்த எஞ்சிய காந்தம் மங்கிப்போயிருக்கலாம். ரெகுலேட்டரைப் பிரித்துவிட்டு 12 வோல்ட் பேட்டரியைச் சரியான முனை பார்த்துக் காந்தச் சுருளில் சில நொடி தொடுவித்தால் அது திரும்பும். இந்த வேலையைத் தெரிந்தவர் கையால் செய்வதே நல்லது.

வீட்டிணைப்பு பற்றிச் சொல்ல ஒன்றே இருக்கிறது, அதில் விட்டுக்கொடுக்க இடமில்லை. இரண்டு பக்கமும் ஆண் பிளக் வைத்த ஒயரால் சுவர்ச் சாக்கெட்டில் ஜெனரேட்டரைச் சொருகுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்த மின்சாரம் தெருவுக்குத் திரும்பிப்போய், டிரான்ஸ்ஃபார்மரில் ஆயிரக்கணக்கான வோல்ட்டாக ஏறி, இருட்டில் மழையில் நமக்காகக் கம்பம் ஏறியிருக்கும் தெனாகா மின் நிறுவன ஊழியரைக் கொல்லும். தெரு மின்சாரத்துக்கும் ஜெனரேட்டருக்கும் மாற்றிக்கொள்ள, நடுவில் அணைநிலை கொண்ட சேஞ்ச்ஓவர் சுவிட்சை, எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற வயர்மேன் பொருத்த வேண்டும். இயந்திரத்தின் திறனுக்கு உரிமம் தேவையா என்பதையும் அவரிடமே கேட்டுவிடுங்கள். ஜெனரேட்டருக்குத் தனி நிலக்கம்பி அடித்து, நியூட்ரலை எங்கே நிலத்தோடு இணைப்பது என்பதையும் அவர் தீர்மானிக்கட்டும். அது சரியில்லையென்றால் கசிவு காக்கும் ஆர்.சி.சி.பி. இருந்தும் இல்லாததற்குச் சமம்.

இயந்திரத்தை வீட்டுக்குள்ளோ தாழ்வாரத்திலோ வைக்கக் கூடாது. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாடையில்லை. வெள்ள மட்டத்துக்கு மேலே சிமென்ட் மேடை, நாலு பக்கமும் காற்றோடும் தகரக் கூரை, சன்னல்களுக்கு எதிர்ப்பக்கம் திரும்பிய புகைக்குழாய் ஆகியவை போதும்.

பிறகு ஒவ்வொரு மாதமும் ஒரு குறித்த நாளில் அதை முக்கால் மணி நேரம் சுமையோடு ஓட்ட வேண்டும். சுமையில்லாமல் பத்து நிமிடம் உறுமவிட்டு நிறுத்துவது பராமரிப்பு அன்று, கெடுதல். டீசல் இன்ஜின் தன் திறனில் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே நெடுநேரம் ஓடினால் உள்ளே போதிய சூடு பிறக்காது. எரியாத டீசல் கரியோடு கலந்து புகைக்குழாயில் தார் போல ஒழுகும். 5 கிலோவாட் இயந்திரத்துக்கு ஒரு வெந்நீர்க் கொதிகலன் போட்டால் சுமை அமைந்துவிடும். அந்தச் சூட்டில் சுருளும் தானாக உலர்ந்துகொள்ளும். குளிர்பெட்டி, தண்ணீர் மோட்டார் போன்றவை புறப்படும் நொடியில் பல மடங்கு மின்சாரம் இழுக்கும் என்பதால் அவற்றை ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டும். எண்ணெயை நூறு மணி நேரத்துக்கு ஒருமுறையோ ஆண்டுக்கு ஒருமுறையோ, எது முதலில் வருகிறதோ அப்போது மாற்றுங்கள். 24 வோல்ட்டில் முடுக்கும் இயந்திரமென்றால் இரண்டு பேட்டரிகளும் ஒரே வயதினவாக இருக்கட்டும்.

நிறுத்தும்போது முதலில் சுமையை எடுத்து, ஐந்து நிமிடம் வெறுமனே ஓடவிட்டுச் சூட்டைத் தணித்தபின் டீசலை அடையுங்கள். ஓடிய மணி நேரம், ஹெர்ட்ஸ், வோல்டேஜ், எண்ணெய் அழுத்தம் ஆகியவற்றைக் கூரைக்குக் கீழே தொங்கும் நோட்டில் அன்றே எழுதுங்கள். மூடிவைக்க நினைத்துப் பிளாஸ்டிக் கித்தானால் இறுக்கிச் சுற்ற வேண்டாம். இரவில் உள்ளே வியர்க்கும் நீர் போக வழியின்றி, நீங்கள் நாள் கணக்கில் உலர்த்திய சுருளுக்கே திரும்பும். புகைக்குழாயின் வாயில் மழை விழாதபடி ஒரு தகர மூடியும், மேலே அந்தத் தகரக் கூரையும் இருந்தால் போதும்.