ஒயின் தோட்டத்தில் அரை நாள் விருந்து: வேலூரிலிருந்து செல்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலூர், காட்பாடி, ஆம்பூர் வட்டாரத்தில் 'ஒயின்' என்ற சொல்லைக் கேட்டதும் பெரும்பாலோர் மனத்தில் தோன்றுவது திராட்சைக் கொடியன்று, கம்பித் தடுப்புக்குப் பின்னால் விற்பனை நடக்கும் மதுக்கடைதான். பிராந்தியும் பீரும் விற்கும் கடைக்கு 'ஒயின் ஷாப்' என்று பெயர் வழங்கி, அந்த வழக்கு இரண்டு மூன்று தலைமுறைகளாக நிலைத்துவிட்டதால், ஒயின் தோட்டத்துக்குப் போவது என்றாலே குடிக்கப் போவது என்று வீட்டிலும் வெளியிலும் பொருள்கொள்ளப்படுகிறது. அங்கே செல்வோர் செய்யும் தவறுகளில் பாதிக்கு மேல் இந்தச் சொற்பழக்கத்திலிருந்தே பிறக்கின்றன என்பது என் கருத்து. காலை பத்து அல்லது பதினொரு மணிக்குத் தொடங்கும் ஒரு வழக்கமான நிகழ்ச்சியில் தோட்டத்தைச் சுற்றிக் காட்டுகிறார்கள். சாறு நொதிக்கும் எஃகுக் கலன்களையும் ஒயின் முதிரும் ஓக் மரப்பீப்பாய்களையும் பார்க்க வைக்கிறார்கள். பிறகு நான்கைந்து வகை ஒயினைச் சிறிதளவு ஊற்றி, ஒவ்வொன்றுக்கும் பொருந்தும் உணவோடு மதிய விருந்து பரிமாறுகிறார்கள். மூன்று மணி வாக்கில் எல்லாம் முடிந்துவிடும். அந்த அரை நாளில் வேலை முழுவதும் நாக்குக்கும் மூக்குக்குமே உரியது.

நமக்குப் பக்கத்தில் உள்ள ஒயின் நாடு கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதி. தொட்டபள்ளாபுரம் அருகே குரோவர் குடும்பத்தினர் 1988-இல் தொடங்கிய தோட்டம் இந்திய ஒயின் வரலாற்றின் முதல் பெயர்களில் ஒன்று. வேலூரிலிருந்து பெங்களூரு சுமார் 210 கிலோமீட்டர். அங்கிருந்து நந்தி மலை இன்னும் 60 கிலோமீட்டர். விடியற்காலையில் காரில் கிளம்பிப் பதினொரு மணி நிகழ்ச்சியில் கலந்துகொண்டு அன்றிரவே வீடு திரும்பிவிடலாம் என்று போடும் கணக்குத்தான் பயணத் திட்டத்தில் நேரும் பெருந்தவறு. ஐந்து மணி நேரம் பயணித்த உடம்போடு போய் உட்கார்ந்தால் எந்த மணமும் பிடிபடாது. திரும்பி வரும் ஐந்து மணி நேரத்தில் வண்டியை யார் ஓட்டுவது என்ற கேள்வி விருந்து முழுவதும் தலைக்குமேல் தொங்கிக்கொண்டிருக்கும். முதல் நாளே காட்பாடியில் ரயில் ஏறிப் பெங்களூரில் தங்கிவிட்டு, மறுநாள் காலை வாடகைக் கார் வைத்துக்கொள்வதே நல்லது. சனி, ஞாயிறுகளில் முன்பதிவின்றிப் போய் நிற்பதும் வீண்.

எந்த மாதத்தில் போகிறோம் என்பதைப் பலர் யோசிப்பதில்லை. பள்ளி விடுமுறை முடியும் நேரத்திலோ மழைக்காலத்திலோ போய், 'திராட்சையே இல்லையே' என்று ஏமாந்து வருகிறார்கள். தக்காணத்தில் ஒயின் திராட்சைக் கொடியை ஆண்டுக்கு இருமுறை கவாத்து செய்கிறார்கள்: அறுவடைக்குப் பின் ஏப்ரல் வாக்கில் ஒரு முறை, காய்ப்புக்காகச் செப்டம்பர், அக்டோபரில் இன்னொரு முறை. ஆகவே ஜூன், ஜூலையில் இலையைத்தான் பார்க்க முடியும். குலை பழுத்துத் தொங்குவதைப் பார்க்க விரும்புவோர் பிப்ரவரி, மார்ச்சில் போக வேண்டும். அப்போதும் கம்பம் பன்னீர் திராட்சையைப் போலத் தின்னலாம் என்று நினைத்துப் பறிக்கக் கூடாது. ஒயின் திராட்சை சிறியது, தோல் தடித்தது, விதை மிகுந்தது. கொடிகளுக்கு மருந்தும் அடித்திருப்பார்கள். கலன்கள் இருக்கும் கூடத்துக்குள் செல்லும்போது குழந்தைகளின் கையைப் பிடித்துக்கொள்வது அவசியம். சாறு நொதிக்கும்போது வெளியாகும் கார்பன் டை ஆக்சைடு காற்றைவிடக் கனமானது. திறந்த கலனுக்குள் தலையை நீட்டிப் பார்த்தால் மூச்சு முட்டி உயிருக்கே ஆபத்து நேரலாம்.

அடுத்துச் சொல்வது நம் ஊர்ப் பெண்களுக்கும் ஆண்களுக்கும் சற்று வருத்தம் தரக்கூடும். நல்ல இடத்துக்குப் போகிறோம் என்று தலை நிறைய மல்லிகைப்பூ வைத்துக்கொண்டு, சட்டையில் அத்தரும் கழுத்தில் ஜவ்வாதும் தடவிக்கொண்டு போவது இந்த ஒரு நிகழ்ச்சிக்கு மட்டும் பொருந்தாது. நாக்கு உணர்வது சில அடிப்படைச் சுவைகளையே; கொய்யா, எலுமிச்சைத் தோல், மிளகு, ஈரமண் என்று ஒயினில் நாம் பிரித்தறிவன எல்லாம் மூக்கின் வழியாக வருபவை. அந்த மணங்கள் மிக மெல்லியவை. என் அக்கா முதல் முறை வந்தபோது இரண்டு முழம் மல்லிகை வைத்திருந்தார். எந்தக் கோப்பையை எடுத்தாலும் மல்லிகைதான் மணக்கிறது என்றார், பக்கத்தில் அமர்ந்திருந்த எனக்கும் அப்படியே. பூவைக் கழற்றிக் கைப்பையில் வைத்த பிறகுதான் வெள்ளை ஒயினில் பச்சை மிளகாயை வெட்டியது போன்ற ஒரு மணம் இருப்பதை அவரே கண்டுபிடித்துச் சொன்னார். ருசி பார்ப்பதற்குச் சற்று முன்பு பில்டர் காபி குடிப்பதும், வெற்றிலை போடுவதும், புகைப்பதும் இதே காரணத்தால் தவிர்க்க வேண்டியவை.

வெறும் வயிற்றோடு போவது இன்னொரு தவறு. 'மதியம் விருந்து இருக்கிறதே' என்று காலை உணவைத் தவிர்த்தால், முதல் இரண்டு கோப்பையிலேயே தலை கிறுகிறுத்துவிடும். வயிற்றில் உணவு இல்லாதபோது ஆல்கஹால் விரைவாக ரத்தத்தில் கலக்கிறது. இரண்டு இட்லியோ ஒரு தட்டுப் பொங்கலோ போதுமானது.

இதோடு சேர்த்து அளவையும் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். ஒரு கோப்பைக்கு 60 மில்லி வீதம் ஐந்து வகை ஊற்றினால் மொத்தம் 300 மில்லி. ஒயினில் 13 சதவீதம் ஆல்கஹால் என்று கொண்டால், 39 மில்லி தூய ஆல்கஹால். எடையில் ஏறத்தாழ 31 கிராம். கல்லீரல் ஒரு மணி நேரத்தில் கரைக்கக்கூடியது ஏறக்குறைய 7 முதல் 10 கிராம்தான். ஊற்றியதையெல்லாம் விழுங்கினால், சிறு சிறு மிடறுகளாகக் குடித்திருந்தாலும், அது உடலை விட்டு நீங்க மூன்று, நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆகும். இதற்காகத்தான் மேசையில் துப்புவதற்கு ஒரு பாத்திரம் வைத்திருக்கிறார்கள். நம்மவர்கள் அதைத் தொடவே கூசுகிறார்கள். எச்சில் என்ற உணர்வு நம்மிடம் ஆழமாக ஊறியது. பத்துப் பேர் நடுவே வாயிலிருந்ததைத் துப்புவது அநாகரிகம் என்றே வளர்க்கப்பட்டிருக்கிறோம். "காசு குடுத்து வாங்குனதத் துப்பச் சொல்றியேப்பா" என்று என் சித்தப்பா கேட்டார். வெற்றிலை போடும் வீடுகளில் எச்சில் துப்பப் படிக்கம் வைத்திருந்த காலத்தை அவருக்கு நினைவூட்டினேன். அதன் பிறகு அவர் தயங்கவில்லை. வாயில் ஒரு சுற்றுச் சுழற்றித் துப்பினாலும் மணமும் சுவையும் முழுமையாகத் தெரியும். தொழிலாக ருசி பார்ப்பவர்கள் செய்வது இதைத்தான். துப்ப மனம் ஒப்பாதவர் கோப்பையில் மீதியை அப்படியே விட்டுவிடலாம். அதை யாரும் குறையாக நினைக்க மாட்டார்கள்.

சிவப்பு ஒயினை முதல் மிடறு குடித்ததும் 'புளித்துவிட்டது', 'கெட்டுப்போய்விட்டது' என்று முகம் சுளித்து ஒதுக்கிவிடுவது பரவலாக நடக்கிறது. அவர்கள் உணர்வது புளிப்பன்று, துவர்ப்பு. அறுசுவையில் துவர்ப்புக்குத் தனி இடம் கொடுத்து, கடுக்காயையும் நாவற்பழத்தையும் கொட்டைப்பாக்கையும் அதன் கீழ் வகைப்படுத்திய மொழிக்காரர்கள் இந்த இடத்தில் தடுமாற வேண்டியதே இல்லை. வட ஆற்காட்டுக்காரர்களுக்கோ இது கைப்பழக்கமான பொருள். வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் தோல் பதனிட ஆவாரம்பட்டையையும் கடுக்காயையும் பயன்படுத்தி வந்தார்கள் அல்லவா? அவற்றிலுள்ள டானின் தோலின் புரதத்தோடு பிணைந்து அதை அழுகாத தோற்பொருளாக மாற்றுகிறது. திராட்சையின் தோலிலும் விதையிலும் ஓக் பீப்பாயிலும் இருப்பது அதே குடும்பத்துப் பொருள்தான். அது நம் உமிழ்நீரின் புரதத்தோடு பிணையும்போது வழவழப்பு போய் நாக்கு இழுத்துப் பிடித்தாற்போல் ஆகிறது. சிவப்பு ஒயினைத் தோலோடு சேர்த்து நொதிக்க வைப்பதால் அதில் துவர்ப்பு மிகுதி. வெள்ளை ஒயினுக்குச் சாற்றை மட்டும் பிரித்தெடுப்பதால் குறைவு. இதைத் தெரிந்துகொண்டவர், துவர்ப்பான ஒயினோடு கொழுப்பும் புரதமும் உள்ள உணவை ஏன் வைக்கிறார்கள் என்பதையும் புரிந்துகொள்வார். ஆட்டுக்கறித் துண்டு ஒன்றைத் தின்றுவிட்டு ஷிராஸ் போன்ற அந்தச் சிவப்பு ஒயினை மீண்டும் குடித்துப் பார்த்தால், டானின் இறைச்சியின் புரதத்தோடு பிணைந்துபோக, துவர்ப்பு அடங்கிப் பழத்தின் சுவை மேலெழுவது தெரியும். இந்த மாற்றத்தைக் கவனிக்காமல் ஒயினை ஒரு பக்கமும் உணவை ஒரு பக்கமும் முடித்துவிட்டு எழுந்தால், வந்த நோக்கமே வீணாகிறது. முதலில் ஒயின் ஒரு மிடறு, பிறகு உணவு ஒரு வாய், மறுபடி ஒயின் ஒரு மிடறு என்று மூன்று படியாகச் செல்வதே சரியான முறை.

மதிய உணவில் நாம் செய்யும் தவறுகளில் முதன்மையானது காரத்தைப் பற்றியது. உணவு சப்பென்று இருக்கிறது என்று சொல்லி ஊறுகாயும் பச்சை மிளகாயும் கேட்டு வாங்கிக்கொள்பவர்களைப் பார்த்திருக்கிறேன். மிளகாயின் காரத்தை உணரும் அதே நரம்பு வாயில்களை ஆல்கஹாலும் தூண்டுகிறது. எனவே காரத்தின் மேல் ஒயின் குடித்தால் எரிச்சல் கூடும், துவர்ப்பும் கசப்பாகத் திரியும். நம் ஆம்பூர் பிரியாணியை ஒயினோடு சேர்க்கவே முடியாதா என்று கேட்பவர்களுக்கு, முடியும் என்பதே என் பதில். ஆனால் கனத்த சிவப்பு ஒயினோடு வேண்டாம். சற்று இனிப்பு எஞ்சிய, ஆல்கஹால் குறைந்த, நன்றாகக் குளிர்ந்த செனின் பிளாங்க் என்ற வெள்ளை ஒயின் அல்லது ரோஸே என்ற இளஞ்சிவப்பு ஒயின், சீரகச் சம்பாவின் மணத்தைக் கெடுக்காமல் மிளகாய் விழுதின் சூட்டையும் தணிக்கும். வெங்காயப் பச்சடி உடனிருந்தால் தயிரிலுள்ள புரதம் காரத்தை இன்னும் குறைக்கும். பிரியாணியோடு வரும் புளிக் கத்தரிக்காய்க்குப் புளிப்பு மிகுந்த சோவிஞான் பிளாங்க் என்ற வெள்ளை ஒயின் பொருந்துகிறது, ஏனென்றால் உணவின் புளிப்பைவிட ஒயினின் புளிப்பு குறைவாக இருந்தால் ஒயின் தண்ணீர்போல் ஆகிவிடும். இனிப்புக்கும் இதே விதிதான். ஆற்காட்டு மக்கன் பேடாவைக் கையோடு கொண்டுபோய்க் கடைசிக் கோப்பைச் சிவப்பு ஒயினோடு தின்றால் ஒயின் வினிகராகத் தோன்றும். கொடியிலேயே வற்றவிட்டுத் தாமதமாகப் பறித்த திராட்சையில் செய்யும் இனிப்பு ஒயின் மட்டுமே நம் பேடாவுக்கு அருகில் நிற்கும்; அதுவும் பேடாவின் பாகுக்கு முன் சற்றுத் தோற்கும். விருந்தை ஒயினோடு முடித்துவிட்டுப் பேடாவைத் தனியாக மாலையில் உண்பதே நல்லது.

ஐஸ் கட்டி கேட்பதும் சோடா கலப்பதும் வேண்டாம். ஆனால் சிவப்பு ஒயினை 'அறை வெப்பத்தில்' பருக வேண்டும் என்று படித்ததை அப்படியே பின்பற்றவும் வேண்டாம். அந்தச் சொல் 15 முதல் 18 டிகிரியைக் குறிக்கிறது, வேலூர் மே மாதத்து 40 டிகிரியை அன்று. கோப்பையை உடல் பகுதியில் பிடிக்காமல் தண்டில் பிடிக்கச் சொல்வது கைச்சூடு ஏறாமல் இருப்பதற்காக.

குடிக்காதவர்களை அழைத்துச் செல்வதில் தவறில்லை. அவர்களை 'ஒரு வாய்' என்று வற்புறுத்துவதுதான் தவறு. அவர்களுக்குத் திராட்சைச் சாறு கிடைக்குமா, சைவ விருந்து தனியாக உண்டா என்று முன்பதிவின்போதே கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். ஒரு முறை தொலைபேசியில் சொன்னது சமையலறைக்குப் போய்ச் சேராததால், எங்கள் குழுவில் இரண்டு பேர் ரொட்டியையும் காய்கறித் துண்டுகளையும் மட்டும் சாப்பிட்டுவிட்டு எழுந்தார்கள். அந்த வருத்தம் இன்னும் எனக்கு ஆறவில்லை. தீவிரச் சைவர்கள் இன்னொன்றும் கேட்க வேண்டும்: ஒயினைத் தெளிவாக்க முட்டை வெண்கருவையோ மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் பொருளையோ பயன்படுத்தும் வழக்கம் உண்டு. சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ மாத்திரையோ எடுத்துக்கொள்பவர்கள், மெட்ரோனிடசோல் என்ற நுண்ணுயிர்க்கொல்லி போன்ற மருந்தில் இருப்பவர்கள், கருவுற்ற பெண்கள் ஆகியோர் ருசி பார்ப்பதைத் தவிர்த்துவிட்டு உணவை மட்டும் உண்ணலாம். மதுவில் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என உலக சுகாதார நிறுவனம் 2023-இல் அறிவித்திருப்பதை மற்றவர்களும் மனத்தில் கொள்வது நன்று. கர்நாடகத்தில் 21 வயது நிரம்பாதவருக்கு ஊற்ற மாட்டார்கள்.

வண்டி ஓட்டுபவர் ஒரு சொட்டும் தொடக் கூடாது. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-ஆம் பிரிவின்படி முதல் முறைக்கே 10,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கப்படலாம். மேலே கணக்கிட்ட ஐந்து கோப்பை அந்த வரம்பை எளிதில் தாண்டிவிடும்.

கடைசியாக, புறப்படும் நேரத்தில் தோட்டத்துக் கடையில் நேரும் தவறு. ருசித்துப் பார்த்தது பிடித்துப்போக, வீட்டுக்கு நான்கு பாட்டில் என்று வாங்கிக் காரின் டிக்கியில் அடுக்குகிறார்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் ஒயின் வெந்துபோய், தக்கை வெளியே தள்ளி, பழ மணம் அழிந்துவிடும். அதைவிட முக்கியமானது சட்டம். பிற மாநில மதுவை உரிய அனுமதியின்றித் தமிழ்நாட்டுக்குள் கொண்டுவருவது மதுவிலக்குச் சட்டத்தின் கீழ்க் குற்றம். முறையான ரசீது கையில் இருப்பது அந்த அனுமதிக்கு ஈடாகாது. ஓசூர் வழியாக வந்தால் ஜூஜூவாடியிலும், சித்தூர் வழியாக வந்தால் கிறிஸ்டியான்பேட்டையிலும் சோதனைச் சாவடி உண்டு. சித்தூர் வழியில் ஆந்திரத்தின் விதிகளும் குறுக்கே வரும். மிகவும் பிடித்த ஒயின் என்றால் ஒரே ஒரு பாட்டில் வாங்கி, அன்றிரவு பெங்களூரில் தங்கும் அறையிலேயே, உடன் வந்தவர்களோடு பகிர்ந்து முடித்துவிட்டு, மறுநாள் பகலில் வெறுங்கையோடு ரயில் ஏறலாம்.