படகில் பாதுகாப்புச் சாமான்கள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

தென்மேல் பருவப்பெயர்ச்சி ஓய்ந்து கடல் அடங்கத் தொடங்கியதும் கல்கிசையிலும் முகத்துவாரத்திலும் பொல்கொட வாவியிலும் மாதக்கணக்கில் மூடிக்கிடந்த படகுகளின் தார்ப்பாய் கழலும். எஞ்சினுக்கு ஒயில் மாற்றுவார்கள், பளபளக்கும்வரை தேய்ப்பார்கள். இருக்கைக்குக் கீழே கிடக்கும் பாதுகாப்புச் சாமான்களை மட்டும் எண்ணிப் பார்ப்பதோடு சரி. ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட் வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. புதிதாகப் படகு வாங்குகிறவர்கள் ஆண்டுதோறும் விழும் குழிகள் வேறு.

காற்றடைக்கும் லைஃப் ஜாக்கெட்டைத் திறந்தே பார்க்காதது

இதைக் கண்டால் இன்றும் கோபம்தான் வருகிறது. விலை கூடிய ஜாக்கெட், துணியில் ஒரு கீறல் கிடையாது. உறையைத் திறந்து, ஜாக்கெட்டை ஊதவைக்கும் வாயுச் சிலிண்டரைக் கழற்றினால் அதன் வாய்த் தகட்டில் ஊசித் துளை! எப்போதோ ஊதிய ஜாக்கெட்டின் காற்றை வெளியேற்றி, காலிச் சிலிண்டரோடேயே மடித்து வைத்திருக்கிறார்கள். சில வகைகளில் இழுகயிற்றருகே பச்சைக் கிளிப் இருக்கும். கயிறு இழுபடவில்லை என்பதை மட்டுமே அது காட்டும். சிலிண்டரில் வாயு இருக்கிறதா என்பதைக் காட்டாது.

தானியங்கி வகைகள் பலவற்றில், தண்ணீரில் கரையும் ஒரு வில்லைதான் ஸ்பிரிங்கைப் பிடித்துக்கொண்டிருக்கும். அது கரைந்ததும் ஊசி பாய்ந்து சிலிண்டரைத் துளைக்கும். நனைந்த ஜாக்கெட்டை உலர்த்தாமல் பெட்டிக்குள் போட்டு மூடினால், கொழும்பின் ஈரக்காற்றிலேயே வில்லை இளகி, ஆளில்லாத படகில் ஜாக்கெட் தானாக ஊதிவிடும். அந்த எரிச்சலில் சிலர் வில்லையையே கழற்றி எறிகிறார்கள். தலையில் அடிபட்டு நினைவிழந்து தண்ணீரில் விழுகிறவரால் கயிற்றை இழுக்க முடியுமா? அவருக்காகத்தானே அந்த வில்லை!

சிலிண்டரைக் கழற்றி, ஒரு கிராம் வித்தியாசத்தையும் காட்டும் சமையலறைத் தராசில் வையுங்கள். இருக்கவேண்டிய மொத்த எடை அதன் உடம்பிலேயே பொறித்திருக்கும். அதைவிடக் குறைந்தால் மாற்றுங்கள். 150 நியூட்டன் மிதப்பு விசையுள்ள ஜாக்கெட்டுக்குப் பொதுவாக 33 கிராம் வாயு, 275 நியூட்டனுக்கு 60 கிராம்; ஒன்றுக்கு மற்றதைப் பூட்டக்கூடாது. துருப்பிடித்த சிலிண்டரும் ஆகாது, உள்பையின் துணியைத் துரு உரசிக் கெடுக்கும். பிறகு வாய்க்குழாயால் ஊதி இரவு முழுக்க விடுங்கள். காலையில் தொய்ந்திருந்தால் அந்த ஜாக்கெட்டைக் கடலுக்குக் கொண்டுபோகாதீர்கள். மடிக்கும் முன் சிலிண்டரைக் கையால் இறுக்குங்கள். எஞ்சின் அதிர்வில் அது மெல்ல மெல்லக் கழலும். வில்லைக்குப் பெரும்பாலும் 3 ஆண்டு, வில்லைக்குப் பதிலாக நீரழுத்தத்தில் இயங்கும் ஹமார் (Hammar) வகை ஊதுதலைக்கு 5 ஆண்டு. திகதி அதிலேயே இருக்கும். மாற்றுச் சிலிண்டரைக் கடைசி வாரத்தில் தேடாதீர்கள். அழுத்த வாயு என்பதால் விமானப் பொதியில் லேசில் வராது.

இபர்பில் ஒரு திகதியை மட்டும் பார்ப்பது

இபர்ப் (EPIRB) என்பது அபாயத்தில் செய்மதிக்குச் சமிக்ஞை அனுப்பும் மிதக்கும் கருவி. அதன் பற்றரிக்கு ஒரு திகதி, பெட்டிக்குள் இருக்கும் நீரழுத்த விடுவிப்பானுக்கு இன்னொரு திகதி. பற்றரி 5 ஆண்டோ 10 ஆண்டோ தாங்கும். விடுவிப்பானுக்கு 2 ஆண்டுதான். படகு மூழ்கினால் 4 மீற்றர் ஆழத்துக்குள் இபர்பை மிதக்கவிட வேண்டியது அதுதான். பூட்டும் நாளிலேயே அதன் லேபிளில் காலாவதி மாதத்தையும் ஆண்டையும் குறியுங்கள், பிறகு யாருக்கும் நினைவிருக்காது.

வெளிநாட்டிலிருந்து வந்த பழைய படகென்றால் இன்னும் கவனம். 406 மெகாஹேர்ட்ஸ் சமிக்ஞையோடு நாட்டுக் குறியீடும் போகும், இலங்கைக்கு 417. குறியீட்டையும் பதிவையும் மாற்றாவிட்டால், நீங்கள் தண்ணீரில் கிடக்கும் நேரத்தில் மீட்பு மையம் எடுக்கும் அழைப்பின் மணி பழைய உரிமையாளரின் வீட்டில் அடிக்கும். 121.5 மெகாஹேர்ட்ஸில் மட்டும் ஒலிக்கும் கருவியை 2009 பெப்ரவரி 1 முதல் செய்மதிகள் கேட்பதே இல்லை.

காலாவதியான ஃபிளேயரைப் புதியவற்றோடு வைப்பது

ஃபிளேயர் என்பது உதவி கேட்டுக் கொளுத்தும் அபாய ஒளி. இருட்டில் கை எதை எடுக்கும்? பரசூட் ரொக்கெட் 300 மீற்றர் ஏறி 40 செக்கன் எரியும், கையில் பிடிப்பது ஒரு நிமிடம். அதற்குள் யாராவது கண்டாக வேண்டும். ஆயுள் பெரும்பாலும் 3 ஆண்டு. பழையதை டிசம்பர் 31 இரவில் கொளுத்தித் தீர்க்காதீர்கள். அபாய அழைப்பென்று தேடுதல் தொடங்கிவிடும்.

டோர்ச்சுக்குள் பற்றரியை விட்டுவைப்பது

கசியும். கழற்றி வையுங்கள்.

தீயணைப்பானின் முள் பச்சையில் நிற்பதே போதும் என்பது

முள் அழுத்தத்தை மட்டுமே காட்டும். அலையில் குலுங்கிக் குலுங்கி அடியில் தூள் இறுகியிருக்கலாம். மாதம் ஒருமுறை தலைகீழாகக் கவிழ்த்து, உள்ளே தூள் சரிவது கையில் தெரிகிறதா என்று பாருங்கள்.