சைலன்சர் மாட்ட எந்த .22 ரைஃபிள்? வாங்கும்போது நடக்கும் தவறுகள்

நியூசிலாந்தில் துப்பாக்கிக் கடைக்கு முதல்முறை போகிறவர்கள் பலரும் கேட்கும் கேள்வி, "இருக்கிறதிலேயே சத்தம் கம்மியான சைலன்சர் எது?" என்பதுதான். தவறு அங்கேயே ஆரம்பித்துவிடுகிறது. .22 (ஏறக்குறைய 0.22 அங்குல விட்டமுள்ள சின்னக் குண்டைச் சுடும் ரகம்) விஷயத்தில் சைலன்சர் கடைசியாக வாங்க வேண்டிய பொருள். எந்தத் தோட்டா என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். பிறகு அந்தத் தோட்டாவுக்குத் தோதான ரைஃபிள். அப்புறம்தான் அதன் முனையில் திருகும் குழாய். இந்த வரிசையைத் தலைகீழாகப் பிடித்தவர்கள் விலை உயர்ந்த சைலன்சரை மாட்டிக்கொண்டு, "என்ன இது, இன்னும் படீரென்று வெடிக்கிறதே" என்று புலம்புவார்கள்.

நியூசிலாந்தை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. பிரிட்டிஷ் குடியேறிகள் கொண்டுவந்து விட்ட முயல்கள் ஒடாகோ போன்ற பகுதிகளில் புல்வெளியை மொட்டையடித்துவிடுகின்றன. முயலைக் கட்டுப்படுத்துவது அங்கே பொழுதுபோக்கு மட்டுமல்ல, பண்ணை வேலையும்கூட. துப்பாக்கிக்கு உரிமம் வேண்டும், 2023 ஜூன் முதல் பதிவேடும் நடைமுறைக்கு வந்திருக்கிறது. ஆனால் சைலன்சருக்குத் தனி உரிமம் கிடையாது. காதைக் காக்கும் சாதனமாகத்தான் அதைப் பார்க்கிறார்கள். அமெரிக்காவில் கதை வேறு: 1934 சட்டப்படி ஒவ்வொரு சைலன்சரும் மத்திய அரசிடம் பதிவாக வேண்டும். 200 டாலர் வரி 2026 ஜனவரியிலிருந்து பூஜ்யம் ஆனாலும் பதிவு அப்படியேதான் இருக்கிறது. கனடாவில் முழுத் தடை. ஆகவே நீங்கள் இருக்கும் நாட்டின் சட்டம் என்ன என்று பார்த்துவிட்டு மேலே படியுங்கள்.

ஒரு சத்தம் இல்லை, மூன்று

துப்பாக்கி சுடும்போது நாம் கேட்பது ஒரே ஒரு வெடிச்சத்தம் போலத் தோன்றினாலும் அதில் மூன்று கலந்திருக்கின்றன. குழலின் வாயிலிருந்து பீறிட்டு வரும் சூடான வாயு முதலாவது. குண்டு ஒலியின் வேகத்தைத் தாண்டிப் பறந்தால் வழிநெடுக எழும் சாட்டையடி போன்ற 'சடக்' இரண்டாவது. துப்பாக்கியின் உள் பாகங்கள் ஒன்றோடொன்று மோதும் உலோகச் சத்தம் மூன்றாவது. சைலன்சரால் ஆவது முதலாவதை மட்டும் அடக்குவது. மற்ற இரண்டும் நீங்கள் தேர்ந்தெடுக்கும் தோட்டாவையும் ரைஃபிளையும் பொறுத்தவை.

சைலன்சர் இல்லாத .22 ரைஃபிளின் சத்தம் சுமார் 140 டெசிபல். ஒரே ஒரு முறை கேட்டாலும் காதைக் கெடுக்கக்கூடியது என்று சொல்லப்படும் எல்லையும் கிட்டத்தட்ட அதுதான். நல்ல சைலன்சரும் மெதுவான தோட்டாவும் சேர்ந்தால் 115 முதல் 120 வரை இறங்கும். சினிமாவில் வரும் 'புஸ்' என்ற சத்தத்தை எதிர்பார்த்துப் பணத்தைக் கொட்ட வேண்டாம் என்பதற்காகத்தான் இந்த எண்களைச் சொல்கிறேன்.

தோட்டாவில் கோட்டை விடுவது

.17 எச்எம்ஆர் என்ற தோட்டா ரகம் 2002-ல் வந்தது. சின்னஞ்சிறு குண்டு, விநாடிக்கு ஏறக்குறைய 777 மீட்டர் வேகம். 1959-ல் வந்த .22 மேக்னம் விநாடிக்கு 570 மீட்டர் வாக்கில் போகும். இரண்டும் நல்ல தோட்டாக்கள்தான். தூரத்து முயலுக்கு .17-ஐ மிஞ்ச முடியாது. ஆனால் இரண்டும் ஒலியை முந்திப் பறப்பவை. சைலன்சர் வாயுச் சத்தத்தைக் குறைக்கும், சுடுகிறவரின் காதுக்கும் நல்லது, ஆனால் அந்தச் 'சடக்' எங்கேயும் போகாது. பக்கத்து வீட்டுக்காரருக்குக் கேட்கக் கூடாது என்பதற்காக .17 வாங்குகிறவர் ஏமாந்துதான் போவார். சத்தம் நிஜமாகவே குறைய வேண்டும் என்றால் சாதாரண .22 தோட்டாவான .22 எல்ஆர், அதிலும் ஒலிவேகத்துக்குக் கீழே போகும் ரகம். வேறு வழியில்லை.

இதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஒலியின் வேகம் எப்போதும் ஒன்றாக இருக்காது, காற்றின் வெப்பநிலையைப் பொறுத்து மாறும். 20 டிகிரியில் விநாடிக்கு 343 மீட்டர். உறைபனி விழும் மத்திய ஒடாகோ இரவில், மைனஸ் 5 டிகிரியில், 328 மீட்டர்தான். சிசிஐ நிறுவனத்தின் 'ஸ்டாண்டர்ட் வெலாசிட்டி' தோட்டாவின் பெட்டிக் கணக்கு விநாடிக்கு 1070 அடி, அதாவது 326 மீட்டர். கோடையில் அடக்கமாகப் போன அதே தோட்டா, குளிர்காலத்தில் ஐந்தில் ஒன்றோ இரண்டோ 'சடக்' என்று கத்தும். ஒரே பெட்டியிலிருக்கும் தோட்டாக்களுக்குள்ளேயே வேகம் சற்று ஏறி இறங்கும் என்பதால் வரும் வினை இது. பலர் சைலன்சர் கெட்டுவிட்டது என்று நினைத்துக் கடைக்குத் திருப்பிக் கொண்டுபோவார்கள். குளிர் இரவுகளில் சுடுகிறவர் விநாடிக்கு 1050 அடி அல்லது அதற்கும் குறைந்த 'சப்சானிக்' (ஒலியைவிட மெதுவான) ரகத்தை எடுப்பது நல்லது.

அதற்காக ஒரேயடியாக அடிமட்டத்துக்குப் போவதும் சரியல்ல. சிசிஐ 'க்வையட்-22' விநாடிக்கு 710 அடிதான். கேட்க அவ்வளவு சாந்தமாக இருக்கும். ஆனால் அதன் ஆற்றல் ஏறக்குறைய 61 ஜூல். சாதாரண சப்சானிக் தோட்டாவின் 133 ஜூலில் பாதிகூட இல்லை. மிக அருகில், தலையில் சரியாகப் பட்டால் சரி. கொஞ்சம் தள்ளிப் போனாலும் முயல் அடிபட்டுப் புதருக்குள் ஓடித் துடித்துச் சாகும். சத்தம் குறைகிறது என்று பிராணியை வதைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

போல்ட் ஆக்‌ஷனா, செமி-ஆட்டோவா

பலர் தடுக்கி விழும் இடம் இது. போல்ட் ஆக்‌ஷனில் ஒவ்வொரு தோட்டாவையும் கைப்பிடியை இழுத்து நாமே ஏற்ற வேண்டும்; செமி-ஆட்டோ சுட்டதும் அடுத்ததைத் தானே ஏற்றிக்கொள்ளும். ரூகர் 10/22 என்ற செமி-ஆட்டோ ரைஃபிள் 1964 முதல் விற்பனையில் இருக்கிறது. உதிரி பாகம் எங்கும் கிடைக்கும், விலையும் நியாயம். 2019-ல் நியூசிலாந்து செமி-ஆட்டோக்களைத் தடை செய்தபோதும், 10 தோட்டாவுக்கு மேல் போகாத .22 ரிம்ஃபயர்களை (தோட்டாவின் அடிவிளிம்பில் தட்டிச் சுடும் ரகம்) விட்டுவைத்தது. அதனால் "சைலன்சருக்கு இதுவே போதுமே" என்று நினைப்பது இயல்பு.

அது உள்ளே எப்படி வேலை செய்கிறது என்று பார்த்தால் சிக்கல் புரியும். பின்பக்க போல்ட்டை எதுவும் பூட்டி வைப்பதில்லை. அதன் எடையும் ஒரு ஸ்பிரிங்கும்தான் பிடித்துக்கொண்டிருக்கின்றன. சுட்டதும் வாயு அழுத்தம் வெற்றுக்கூட்டைப் பின்னால் தள்ள, போல்ட் திறந்துகொள்கிறது. முன்னால் சைலன்சர் இருந்தால் வாயு வெளியேறத் தாமதமாகும், அழுத்தம் குழலுக்குள் இன்னும் கொஞ்ச நேரம் தங்கும். அந்த வாயுவும் கரியும் வெற்றுக்கூடு தெறிக்கும் வலப்பக்கத் திறப்பு வழியாக வரும். இடக்கைக்காரருக்கு நேராக முகத்திலேயே அடிக்கும், கண்ணாடி இல்லாமல் சுடக் கூடாது. போல்ட் பின்னால் போய் இடிப்பதும், திரும்ப வந்து மூடுவதும் 'டக்-டக்' என்று தெளிவாகக் கேட்கும். சைலன்சர் எவ்வளவு நன்றாக இருக்கிறதோ, இந்தச் சத்தம் அவ்வளவு துலக்கமாகத் தெரியும் என்பதுதான் வேடிக்கை. போதாக்குறைக்கு, மெதுவான தோட்டாக்களுக்குப் போல்ட்டை முழுதாகத் தள்ளத் தெம்பு இருக்காது. மேலே சொன்ன 710 அடித் தோட்டாவைப் போட்டால் ஒவ்வொரு முறையும் கையால் இழுத்துவிட வேண்டியிருக்கும். அப்படியென்றால் செமி-ஆட்டோ எதற்கு?

போல்ட் ஆக்‌ஷனில் இந்தத் தொல்லை ஒன்றுமில்லை. நீங்கள் கைப்பிடியைத் தூக்கும் வரை எல்லாம் பூட்டியே இருக்கும். எந்த வேகத் தோட்டாவையும் போடலாம். சிசெட் 457, டிக்கா டி1எக்ஸ் இரண்டும் இதற்குப் பெயர் போனவை. கையில் இருக்கும் காசுக்கு ஒரே ஒரு ரைஃபிள்தான் என்றால் என் ஓட்டு போல்ட் ஆக்‌ஷனுக்கே. ஓடும் முயல்களைக் கூட்டமாகச் சுட வேண்டிய பண்ணைக்காரருக்கு மட்டும் செமி-ஆட்டோ பொருந்தும்.

குழலின் நீளம், குழலின் மரை

நீளமான குழல் என்றால் சத்தம் குறைவு என்பது பாதி உண்மை. .22 எல்ஆர் தோட்டாவில் இருக்கும் மருந்து கொஞ்சம்தான். 16 அங்குலத்துக்குள் அது பெரும்பாலும் எரிந்து முடிந்துவிடும். 24 அங்குலக் குழலின் வாயில் அழுத்தம் இன்னும் குறைவு, ஆனால் அதன் முன்னால் 15 சென்டிமீட்டர் குழாயையும் மாட்டினால் வண்டிக்குள் ஏற்றவே படாதபாடு. 16 அங்குலக் குழல் சைலன்சருடன் சேர்த்தும் கைக்கு அடங்கும். இதைவிடக் குட்டையாக வெட்டலாமே என்று யோசிக்க வேண்டாம். நியூசிலாந்தில் மொத்த நீளம் 762 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் சட்டப்படி அது பிஸ்டல். அமெரிக்காவில் ரைஃபிள் குழல் 16 அங்குலத்துக்குக் குறைந்தால் அதற்குத் தனிப் பதிவு.

மரையைத்தான் பெரும்பாலோர் பார்க்காமல் விடுகிறார்கள். அமெரிக்கச் சந்தைக்கான .22-களில் அரை அங்குல விட்டம், அங்குலத்துக்கு 28 மரை. பிரிட்டன், ஐரோப்பா, நியூசிலாந்து பக்கம் அதே அரை அங்குலம், ஆனால் 20 மரை. இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். மாற்றித் திருகினால் ஒரு சுற்று, ஒன்றரைச் சுற்று போய் இறுகி நிற்கும். 'கொஞ்சம் பலமாகத் திருகினால் ஏறிடும்' என்று நினைத்தால் இரண்டு மரையும் போச்சு. அதைவிட மோசம், சைலன்சர் கோணலாக உட்காரும். குண்டு உள்ளே இருக்கும் தடுப்புத் தட்டுகளில் உரசிப் போகும்.

28 மரையில் இன்னொரு ஆபத்தும் உண்டு. இதைவிடப் பல மடங்கு சக்தி வாய்ந்த .223 தோட்டாவைச் சுடும் ரைஃபிள்கள் பலவற்றிலும் அதே மரைதான். .22 ரிம்ஃபயருக்கான மெல்லிய அலுமினியச் சைலன்சர் அதிலும் கச்சிதமாக ஏறும். .22 எல்ஆர் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு அதிகபட்சம் 24,000 பவுண்டு. .223-ல் 55,000. சைலன்சர் சிதறிவிடும். வீட்டில் இரண்டு வகை ரைஃபிளும் இருந்தால் சைலன்சர் மேல் பெயின்டில் பெரிதாக '.22 மட்டும்' என்று எழுதி வையுங்கள்.

மரையே இல்லாத பழைய ரைஃபிளை மலிவாக வாங்கி லேத்தில் கொடுத்துப் போடச் சொல்வதும் நடக்கிறது. துப்பாக்கி வேலை தெரிந்தவரிடம் போனால் பிரச்சினை இல்லை. அவர் குழலின் வெளிப்பக்கத்தை அளவாக வைக்காமல், உள்துளையை மையமாக வைத்து மரை வெட்டுவார். மரை முடியும் இடத்தில் சைலன்சர் சதுரமாக உட்கார ஒரு தட்டையான விளிம்பும் வேண்டும். மெலிந்த குழலில் அதற்கு இடமே இருக்காது.

எல்லாம் சரியாக இருந்தும் தட்டு அடிபடும் ஒரு வழி உண்டு. அகீலா 'ஸ்னைப்பர் சப்சானிக்' என்ற தோட்டாவில் 60 கிரெய்ன் எடையுள்ள நீளமான குண்டு. சாதாரண .22 எல்ஆர் குண்டு 40 கிரெய்ன் (ஒரு கிரெய்ன் சுமார் 0.065 கிராம்). குண்டைச் சுழலவைக்கும் குழலின் உள்வரிகள் வழக்கமாக 16 அங்குலத்துக்கு ஒரு சுற்று வரும். 40 கிரெய்னுக்கு அது போதும், இந்த நீளக் குண்டுக்குப் போதாது. குண்டு தள்ளாடிக்கொண்டே போய்த் தட்டில் மோதும். பெட்டியில் 'சப்சானிக்' என்று இருக்கிறதே என்று எடுத்துவிடாதீர்கள்.

கைத்துப்பாக்கி பற்றி ரெண்டு வார்த்தை

அமெரிக்க வாசகர்களுக்கு: ரிவால்வரில் சைலன்சர் பயனில்லை. உருளைக்கும் குழலுக்கும் இடையிலுள்ள சந்து வழியாகவே வாயு தப்பிவிடும். ரஷ்யாவின் பழைய நாகான்ட் மட்டும் விதிவிலக்கு, ஆனால் அது ரிம்ஃபயர் அல்ல. பிஸ்டலில் குழல் அசையாமல் நிற்கும் ரூகர் மார்க் 4 வகை நல்லது. 1960-ல் சோவியத் யூனியனில் சுட்டு வீழ்த்தப்பட்ட அமெரிக்க உளவு விமானம் யு-2-இன் விமானி கேரி பவர்ஸிடம் இருந்ததும் குழல் அசையாத ஹை ஸ்டாண்டர்ட் .22 பிஸ்டல்தான், சைலன்சரோடு. வால்தர் பி22 பிஸ்டல் வாங்குகிறவர் சைலன்சரின் மரை பொருந்த நடுவில் ஓர் அடாப்டர் தேவைப்படும் என்பதைக் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அழுக்கும் பழைய சரக்கும்

.22 எல்ஆர் குண்டு பெரும்பாலும் வெறும் ஈயம், மிஞ்சினால் மெல்லிய செப்புப் பூச்சு. சைலன்சருக்குள் ஈயம் அடை அடையாகப் படியும். பிரிக்க முடியாத சைலன்சரை .22-க்கு வாங்கினால் சில ஆயிரம் தோட்டாவில் எடை கூடிக் கல்லாகிவிடும். பிரித்துக் கழுவக்கூடியதாகப் பாருங்கள். கழுவுவதற்கு வினிகரும் ஹைட்ரஜன் பெராக்சைடும் கலந்து ஊறப்போடச் சொல்லும் யோசனையைத் தொடவே வேண்டாம். அதில் உண்டாகும் ஈய அசிடேட் தோல் வழியாகவும் உடலில் ஏறும் விஷம், அலுமினியத்தையும் அரித்துவிடும்.

கரி பின்னோக்கியும் வரும் என்பதால் ரைஃபிளும் சுலபமாகக் கழற்றக்கூடியதாக இருக்க வேண்டும். அலமாரியில் வைக்கும்போது சைலன்சரைக் கழற்றிவிடுங்கள். மாட்டியபடியே நிறுத்தினால் உள்ளே இருக்கும் ஈரம் குழலுக்குள் இறங்கித் துரு பிடிக்கும். மறுபடி மாட்டியதும் குறி சற்று நகர்ந்திருக்கலாம், ஆகவே ஸ்கோப்பைச் சைலன்சரோடு சேர்த்தே சரி செய்யுங்கள். 50 மீட்டரில் சரி செய்த சப்சானிக் தோட்டா 100 மீட்டரில் ஏறக்குறைய ஒரு சாண் கீழே இறங்கும் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

பழைய ரைஃபிளைச் சைலன்சரோடு சேர்த்து விற்கிறார்கள் என்றால், ரைஃபிள் காலியாக இருப்பதை உறுதி செய்துவிட்டு, போல்ட்டைக் கழற்றிக் குழலின் பின்பக்கத்திலிருந்து வெளிச்சத்தை நோக்கிப் பாருங்கள். முன்னால் தெரியும் வெளிச்ச வட்டம் குழலின் வட்டத்துக்குள் நடுவாக இருக்க வேண்டும். அப்புறம் சைலன்சரின் முன்மூடித் துளையின் விளிம்பைப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் பிறை போலப் பளபளவென்று சுரண்டியிருந்தால் குண்டு உரசியிருக்கிறது. மரை கோணல். மரையைத் திருத்தும் கூலியையும் புது சைலன்சர் விலையையும் கழித்துப் பேரம் பேசுங்கள். விற்கிறவர் ஒப்புக்கொள்ளவில்லை என்றால் வேறு ரைஃபிள் பாருங்கள்.