பழைய வீட்டைக் கெடுக்காமல் செப்பனிடுவதும் தெருவின் முகத்தைக் காப்பதும்

சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய சுவருக்குச் சிமெண்ட் பூசினால் முதல் சில ஆண்டுகள் பளிச்சென்று இருக்கும். பிறகு செங்கல்லின் முகம் பொரிந்து உதிரும், உட்புறம் ஓதம் ஏறும், பெயிண்ட் கொப்பளிக்கும். வீடு பழசாகிவிட்டது, இடித்துக் கட்டலாம் என்ற பேச்சு பல வீடுகளில் இப்படித்தான் தொடங்குகிறது. அதனால் இங்கே சுவருக்கே அதிக இடம். தெருவுக்கான விதிகள் அதன் பிறகு.

எதையும் தொடும் முன் உள்ளாட்சி அலுவலகத்தில் இரண்டு விஷயங்களைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வீடு பாரம்பரியப் பட்டியலில் இருக்கிறதா? வெளிப்புற மாற்றங்களுக்குத் தனி அனுமதி வேண்டுமா? வேலை பாதியில் நின்றுபோவதற்கு இந்த இரண்டையும் கேட்காததே பல நேரம் காரணமாக இருக்கும்.

முதலில் தண்ணீரை நிறுத்துங்கள்

நல்ல மழை பெய்யும்போது குடையோடு வீட்டைச் சுற்றி வாருங்கள். கூரை விளிம்பில் எங்கே வழிகிறது, மழைநீர்க் குழாயின் எந்த இணைப்பு ஒழுகுகிறது, தண்ணீர் சுவரோரம் தேங்குகிறதா என்பதெல்லாம் வெயில் நாளில் தெரியாது. வெளித்தரை, வீட்டின் உள்தரையைவிட 150 மி.மீ. ஆவது தாழ்ந்திருக்க வேண்டும். ஆண்டுக்கணக்கில் மண் கொட்டியும் நடைபாதை போட்டும் இந்த இடைவெளி மறைந்திருந்தால், மண்ணை வெட்டி எடுப்பதே முதல் பழுதுபார்ப்பு. சுவரை ஒட்டிக் கான்கிரீட் தளம் போட்டிருந்தால், தரையடி ஈரம் வெளியேற வழியின்றிச் சுவர் வழியாக மேலே ஏறும். சுவரோரம் ஓர் அடி அகலத்துக்கு அதை வெட்டிவிட்டு ஜல்லி நிரப்புங்கள். மரத்தரை உள்ள வீட்டில், தரைக்கு அடியில் காற்று போகும் துளைகளை யாராவது அடைத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள்.

இதெல்லாம் முடிந்தபின் சுவர் காயக் காத்திருக்க வேண்டும். சுவரின் தடிமனில் 25 மி.மீ. காய ஏறக்குறைய ஒரு மாதம் என்பது கட்டட வேலையில் புழங்கும் தோராயக் கணக்கு. 230 மி.மீ. சுவருக்கு ஒன்பது மாதம் ஆகலாம். இந்தப் பொறுமை இல்லாதவர்கள்தான் ஈரத்தைத் தடுக்கும் ரசாயனப் பூச்சுக்குப் போகிறார்கள். அது ஈரத்தை உள்ளேயே பூட்டிவிடும்.

விரிசல் இருந்தால் உடனே அடைக்காதீர்கள். இரு பக்கமும் ஒவ்வொரு திருகாணி பதித்து, அவற்றின் இடைவெளியை மாதம் ஒருமுறை வெர்னியர் அளவியால் அளந்து ஓர் ஆண்டு குறித்துவையுங்கள். மழைக்கும் கோடைக்கும் விரிந்து சுருங்கி, பழைய அளவுக்கே திரும்பினால் கவலை குறைவு. ஒரே திசையில் கூடிக்கொண்டே போனால் கட்டமைப்புப் பொறியாளரை அழைக்க வேண்டும்.

சாந்தை அறிந்து சாந்து போடுங்கள்

இன்று வழக்கமாகப் புழங்கும் போர்ட்லாண்ட் சிமெண்டுக்கு 1824-இல் காப்புரிமை பெறப்பட்டது. ஆனாலும் அதன்பின் பல பத்தாண்டுகள் வீடுகள் சுண்ணாம்பிலேயே எழுந்தன. எனவே கட்டிய ஆண்டை வைத்து முடிவு செய்யாமல் சாந்தையே சோதியுங்கள். மழை படாத இடத்தில், மேற்பரப்பிலிருந்து சற்று உள்ளே, ஒரு கட்டி எடுங்கள். சாவியால் கீறினால் தூளாகிறதா? வெள்ளையாக, கடுகளவு சுண்ணாம்புத் துகள்கள் தெரிகின்றனவா? அப்படியானால் அது பெரும்பாலும் சுண்ணாம்புச் சாந்து. பாதிக் கட்டியை நீர்த்த அமிலத்தில் கரைத்தால் சுண்ணாம்பு நுரைத்துப் போய் மணல் மிஞ்சும். அதைக் கழுவி உலர்த்தி, நிறமும் பருமனும் பார்த்துப் பொருத்தமான மணல் தேடலாம். நுரைப்பதை மட்டும் வைத்துச் சுண்ணாம்பு என்று முடிவு கட்டிவிட வேண்டாம். பழைய சிமெண்டும் நுரைக்கும்.

சிமெண்ட் ஏன் கெடுக்கிறது? சுவருக்குள் புகுந்த ஈரம், செங்கற்களுக்கு இடையே சாந்து நிரம்பிய மென்மையான சுண்ணாம்பு இணைப்பு வழியாக ஆவியாகும். இணைப்பைச் சிமெண்டால் அடைத்தால் ஈரம் செங்கல் வழியாக வெளியேறும். அதில் கரைந்துள்ள உப்பு செங்கல்லின் முகத்துக்குப் பின்னால் படிகமாகி, முகத்தைத் தள்ளி உடைக்கும். தவிர, வெப்பத்தில் சுவர் அசையும்போது விட்டுக்கொடுக்க வேண்டியது சாந்து. அது செங்கல்லைவிடக் கடினமாக இருந்தால் விரிசல் செங்கல்லில் விழும். சாந்தை மறுபடி நிரப்பலாம், செங்கல்லை முடியாது.

கலவைக்கு, சுட்ட சுண்ணாம்பைத் தண்ணீரில் போட்டுக் கூழாக நீர்த்த சுண்ணாம்பு 1 பங்கு, மணல் 3 பங்கு என்று சொல்வார்கள். உங்கள் மணலுக்கு இது சரியா என்று பார்க்க எளிய வழி உண்டு. ஒரு லிட்டர் உலர்ந்த மணலைப் பாத்திரத்தில் தட்டி நிரப்பி, மேற்பரப்பில் நீர் தெரியும்வரை அளந்து ஊற்றுங்கள். 330 மி.லி. பிடித்தால் மணலின் இடைவெளி மூன்றில் ஒரு பங்கு, 1:3 சரி. 400 மி.லி. பிடித்தால் 1:2.5 வேண்டும். இடைவெளி நிரம்பாவிட்டால் சாந்து உதிரும், சுண்ணாம்பு மிகுந்தால் சுருங்கி வெடிக்கும். மணல் உப்பும் களிமண்ணும் இல்லாததாக, பரும்படி முதல் நயம் வரை கலந்ததாக இருக்க வேண்டும். மிகப் பெரிய பரல் இணைப்பு அகலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகக்கூடாது.

சுட்ட சுண்ணாம்பை நீங்களே நீர்ப்பதானால் தண்ணீரில் சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். சுண்ணாம்பின்மேல் தண்ணீர் ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். கண்ணைக் காக்கும் கண்ணாடியும் கையுறையும் கட்டாயம், பக்கத்தில் ஒரு வாளி சுத்தமான நீரும் வேண்டும். நீர்த்ததை மூன்று மாதமாவது தண்ணீருக்கடியில் ஊறவைத்தால் கூழ் வழுவழுப்பாகும். ஊறாத துகள் சுவரில் போனபின் நீர்த்துப் பொரிந்து குழி போடும்.

பழைய சாந்தை எடுக்கும் ஆழம் இணைப்பின் உயரத்தைப்போல் 2 முதல் 2.5 மடங்கு. 10 மி.மீ. இணைப்புக்கு 20 முதல் 25 மி.மீ. உளியும் சுத்தியலும் போதும். கிரைண்டர், குறிப்பாகச் செங்குத்து இணைப்புகளில், செங்கல்லின் விளிம்பைத் தின்றுவிடும். இணைப்பில் கெட்டியாகப் பிடித்துள்ள பழைய சிமெண்ட் பூச்சு (பாயிண்டிங்), எடுத்தால் செங்கல் உடையும் என்றால், இருக்கட்டும். தளர்ந்தபின் எடுக்கலாம்.

தூசியைத் தட்டி, சுவரை நனையுங்கள். ஈரம் இருக்க வேண்டும், பளபளப்பு கூடாது. ஆழமான குழிகளை முதலில் நிரப்பி, மெல்லிய அடுக்குகளாக அழுத்துங்கள். கட்டைவிரல் அழுத்தினால் தடம் மட்டும் விழும் பதம் வந்தபின் அடுத்த அடுக்கு. செங்கல்லின் விளிம்பு தேய்ந்திருந்தால் சாந்தை ஒரு இழை உள்வாங்கி நிறுத்துங்கள். முகமட்டம்வரை நிரப்பினால் இணைப்பு அகலமாகத் தெரிந்து முழுச் சுவரும் வேறாகிவிடும். இறுகும் பதத்தில் கெட்டியான பிரஷ்ஷின் நுனியால் குத்தித் தட்டினால் சுருக்க விரிசல் மூடிக்கொள்ளும்.

பிறகு ஈரச் சாக்கால் மூடி, ஒரு வாரமாவது காய விடாமல் லேசாகத் தெளித்துக்கொண்டிருங்கள். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சி இறுகுவது. அதற்கு ஈரம் வேண்டும். வெயிலில் ஒரே நாளில் காய்ந்த சாந்து விரலால் தேய்த்தாலே உதிரும். 5 டிகிரி செல்சியஸுக்குக் கீழே குளிரும் நாட்களில் இந்த வேலையைத் தொடங்கவே வேண்டாம்.

மேலே வண்ணம் வேண்டுமானால் சுண்ணாம்பு வெள்ளை. பால் பதத்தில் மெல்லியதாக, நனைத்த சுவரில், நான்கைந்து பூச்சு. கெட்டியாக ஒரே பூச்சில் முடித்தால் செதில் செதிலாக உரியும். மணலை வீசிச் சுவரைத் துப்புரவு செய்பவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள். செங்கல்லின் சுட்ட மேல்தோல் போனால் திரும்பி வராது.

ஜன்னல்

பழைய ஜன்னல்கள் பெரும்பாலும் வைரம் பாய்ந்த மரம். அழுகல் பொதுவாகக் கீழ்ச்சட்டத்திலும் அடிப்பலகையிலும்தான் இருக்கும். திருப்புளியால் குத்திப் பார்த்து, அழுகியதை மட்டும் நல்ல மரம் வரும்வரை வெட்டி, அதே இன மரத்தை அதே இழைத் திசையில் சாய்வு ஒட்டாக இணையுங்கள். கண்ணாடி உட்காரும் பள்ளத்தில் முதலில் பிரைமர், பிறகு புட்டி. பெயிண்ட் 2 மி.மீ. கண்ணாடிமேல் ஏறினால்தான் நீர் உள்ளே இறங்காது. பழைய பெயிண்டில் ஈயம் இருக்கக்கூடும். உலர்வாக உரசவோ தீச்சுவாலை காட்டவோ கூடாது. நனைத்துச் சுரண்டி, தரையில் விரித்த பிளாஸ்டிக்கோடு சுருட்டி எடுங்கள். குழந்தைகள் அந்தப் பக்கம் வரக்கூடாது.

தெருவை எண்களில் எழுதுங்கள்

ஒரு குடியிருப்புப் பகுதியின் பழைய தோற்றம் எதில் இருக்கிறது என்று கேட்டால் வாசல் தூண், வளைவு என்பார்கள். பெரும்பகுதி அளவுகளில் இருக்கிறது. சாலையிலிருந்து வீட்டு முகம் எவ்வளவு தள்ளியிருக்கிறது, இரு வீடுகளின் இடைவெளி, கூரை விளிம்பின் உயரம், கூரைச் சரிவு, மதில் உயரம், சுவரில் ஜன்னல்களின் பங்கு. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு தாள் போட்டு இந்த ஆறையும் அளந்து எழுதுங்கள். நேர்முகமாக ஒன்றும் பக்கவாட்டில் ஒன்றும் படம் எடுத்து இணையுங்கள். பிறகு வீடுகளைப் பிரியுங்கள்: மாறாதவை, மாறியும் மீட்கக்கூடியவை, தெருவோடு ஒட்டாதவை. "பழைய தோற்றத்துக்கு ஏற்ப" என்ற விதி எந்தக் கூட்டத்திலும் நிற்காது. "வீட்டு முகம் இந்தத் தெருவில் சாலையிலிருந்து 4.5 முதல் 6 மீட்டருக்குள்" என்பது போன்ற விதி நிற்கும்.

குடியிருப்போர் கூட்டங்களில் நேரத்தை அதிகம் விழுங்குவது வண்ணச் சண்டை. வண்ணம் அடுத்த பூச்சில் மாறிவிடும். இரு மனைகளைச் சேர்த்து ஒரே அகலமான கட்டடம் எழுப்புவதும், முன் தோட்டத்தை முழுக்கத் தளம் போட்டு வண்டி நிறுத்துவதும், மதிலை ஆளுயரத்துக்கு ஏற்றுவதும் அப்படி மாறா. விதிகளை முதலில் இவற்றுக்கு எழுதுங்கள். வண்டிக்கு இரண்டு சக்கரத் தடங்கள் மட்டும் போட்டு நடுவில் புல் விடலாம்.

கூடுதல் அறை வேண்டுமென்பது நியாயமான தேவை. அதைப் பின்புறம், மூலக் கூரையின் முகட்டைவிடத் தாழ்வாக, குறுகிய இணைப்புக் கட்டு வழியாகச் சேர்க்கலாம். நாளை எடுத்தாலும் பழைய சுவர் முழுதாக இருக்கும். ஏ.சி. பெட்டியும் சூரியத் தகடும் பின்சரிவில். சுவரில் எதைப் பொருத்தினாலும் ஆணி சாந்து இணைப்பில் இறங்கட்டும், செங்கல்லில் அல்ல; துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும்.

காணாமல் போன பாகத்தைத் திரும்பச் செய்யும்போது பழைய கட்டடங்களைப் பாதுகாப்பது பற்றிய சர்வதேச ஆவணமான 1964-ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனம் நல்ல வரம்பு வைத்திருக்கிறது. ஊகம் தொடங்கும் இடத்தில் மறுசீரமைப்பு நிற்க வேண்டும். புதிய பாகம் மொத்தத்தோடு இணைந்தும், உற்றுப் பார்த்தால் புதியது என்று தெரியும்படியும் இருக்க வேண்டும். பழைய படமோ சுவரில் மிச்சமோ இல்லாமல் அலங்காரம் செய்யத் தொடங்கினால், நூறு ஆண்டு வீடு நேற்றைய கல்யாண மண்டபம் போலாகிவிடும்.

பூட்டிக் கிடக்கும் வீடுதான் மிக வேகமாக அழிகிறது. ஆள் குடிவரும்வரை நீரையும் மின்சாரத்தையும் துண்டித்து, குழாய்களை வடித்துவிடுங்கள். ஜன்னல்களைப் பலகையால் மூடும்போது காற்று போகும் பட்டைத் துளைகள் வையுங்கள். முற்றிலும் அடைத்த வீட்டில் பூஞ்சையும் கரையானும் உத்தரம்வரை போய்விடக்கூடும். மாதம் ஒருமுறை ஒருவர் உள்ளே போய் மேற்கூரை, கூரையின் மழைநீர் வாரி, தரை மூன்றையும் பார்த்துத் தேதியிட்டு எழுத வேண்டும். பெரிய மழைக்கு மறுநாள் கூடுதலாக ஒருமுறை.