சென்சார் மாற்றியும் இன்ஜின் லைட் எரிகிறதா?

அடுத்த சென்சாருக்குக் காசு எடுக்காதீர்கள். எரர் கோடு கோளாறு எங்கே தெரிந்தது என்றுதான் சொல்லும், எந்தப் பொருள் போச்சு என்று சொல்லாது. அதை அழிப்பதற்கு முன் ஓபிடி ஸ்கேனரில் (வண்டியில் செருகி எரர் கோடைப் படிக்கும் கருவி) ஃப்ரீஸ் ஃப்ரேமை, அதாவது கோளாறு தெரிந்த நேரத்தில் பதிவான அளவுகளை, போட்டோ எடுத்து வையுங்கள்.

பெட்ரோல் வண்டியில் பி0171 (காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்ற கோடு) திரும்பத் திரும்ப வந்தால், இன்ஜின் சூடான பிறகு ஐடிலில் ஃப்யூயல் ட்ரிம், அதாவது இன்ஜின் கம்ப்யூட்டர் பெட்ரோலை எவ்வளவு கூட்டிக் குறைக்கிறது என்று பாருங்கள். பிளஸ் 10 சதவீதத்துக்கு மேல் நின்று 2,500 ஆர்பிஎம்மில் இறங்கினால் எங்கோ வெளிக்காற்றை இழுக்கிறது, வேக்கம் ஹோஸிலோ இன்டேக் கேஸ்கெட்டிலோ. (ஹோஸை வளைத்துப் பார்த்தால்தான் கீறல் தெரியும்.) மாறாக, சேலம் பக்கமிருந்து தொப்பூர் கணவாய் ஏறும்போது ட்ரிம் கூடினால் பெட்ரோல் போதவில்லை, பம்ப்பையும் ஃபில்டரையும் சந்தேகப்படுங்கள். ஸ்கேனரைப் பக்கத்து சீட்காரர் பார்க்கட்டும், அந்த ரோட்டில் விளையாட்டு வேண்டாம்.

அப்புறம் சென்சார் கனெக்டர் பின்களில் பச்சை பூத்திருந்தால் சுத்தம் செய்யுங்கள். லைட் மின்னி மின்னி எரிந்தால் மிஸ்ஃபயர் (சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியவில்லை), புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரே போய்விடும், வண்டியை ஓரங்கட்டிவிடுங்கள்.